நெய்வேலித் தொகுதி: 2001 கணக்கில் போட்ட கோடு, 2027 கணக்கில் எங்கே போகும்?

நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 ஆம் தேதியை அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும் என்று ஒன்றிய அரசு 2025 ஜூன் 16 அன்று அரசிதழில் அறிவித்தது. கணக்கெடுப்பு வந்தால் அதன் பின்னாலேயே தொகுதி மறுவரையறை வரும் என்பது தெரிந்த விஷயம். அதை எதிர்பார்த்துத்தான் 2025 மார்ச் 5 இல் தமிழக அரசு அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டியது. மார்ச் 22 இல் பல மாநிலத் தலைவர்கள் சென்னையில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள்.

நம் ஊர் டீக்கடை வரைக்கும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. ஆனால் பேச்செல்லாம் ஒரே ஒரு எண்ணைச் சுற்றியே நிற்கிறது: தமிழ்நாட்டுக்கு 39 எம்.பி. நீடிக்குமா, குறையுமா? கவலை நியாயமானதுதான். 1962 தேர்தலில் 41 ஆக இருந்தது 1967 இல் 39 ஆகக் குறைந்ததை இந்த மாநிலம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. இருந்தாலும் மறுவரையறை என்பது எண்ணிக்கையோடு முடிகிற வேலை அல்ல. எந்த ஊரை எந்த ஊரோடு சேர்ப்பது, எந்தத் தெருவோடு கோட்டை நிறுத்துவது, எந்தத் தொகுதியைத் தனித் தொகுதியாக்குவது என்பவையும் அதே கையோடு முடிவாகின்றன. நம் குடும்பங்களின் ஓட்டுக்கு எடை இருக்கிறதா இல்லையா என்பதை இந்த இரண்டாவது வேலைதான் அதிகம் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நெய்வேலியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு நிறுவனம், பல தொகுதிகள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருப்பது 1935 வாக்கில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது தெரியவந்தது. 1956 நவம்பர் 14 இல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 இல் நிலக்கரி வெளியே வந்தது, மறு ஆண்டில் மின்சாரம். கிராமங்கள் இருந்த இடத்தில் வட்டம் வட்டமாகக் குடியிருப்பு எழுந்தது. (நெய்வேலிக்காரர் 'வட்டம்' என்றால் தாலுகா அல்ல, அவர் வீடு இருக்கும் பிளாக்.) டெல்டாவிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்த நம் குடும்பங்கள் பல இந்த வட்டங்களில் பிள்ளைகளை வளர்த்து, படிக்கவைத்து, நிக்காஹ்வும் முடித்துக் கொடுத்திருக்கின்றன.

இத்தனை பெரிய ஊருக்கு 2008 வரை தன் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி கிடையாது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் வரைந்த எல்லைகள் 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் நெய்வேலி 153 ஆம் எண் தொகுதியாகப் பிறந்தது. 2011 இல் முதல் தேர்தல். அதே கோட்டில் கடலூர் மாவட்டத்தின் இரண்டு பழைய பெயர்கள் அழிந்தன: நெல்லிக்குப்பம், மங்களூர். மங்களூர் போய்த் திட்டக்குடி வந்தது. நெல்லிக்குப்பம் நகராட்சி பண்ருட்டித் தொகுதிக்குள் சேர்ந்தது. மாவட்டத்தில் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பழைய ஊர்களில் ஒன்று நெல்லிக்குப்பம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அரசியல்வாதிகள் கோட்டுக்கு ஏற்ப நகர்ந்துகொள்வார்கள். 2006 இல் நெல்லிக்குப்பத்தில் வென்ற சபா. ராஜேந்திரன், அந்தத் தொகுதியே இல்லாமல் போனபின் 2016 இலும் 2021 இலும் நெய்வேலியில் வென்றார். பண்ருட்டியில் இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆக இருந்த தி. வேல்முருகன் 2011 இல் நெய்வேலிக்கு வந்து எம்.பி.எஸ். சிவசுப்பிரமணியனிடம் தோற்றார், 2021 இல் மீண்டும் பண்ருட்டிக்கே போய் வென்றார். வேட்பாளருக்கு வீடு மாறுவதுபோல இது. வாக்காளருக்கு அந்த வசதி இல்லை.

இனி கோடு எங்கே விழுந்தது என்று பார்ப்போம். நெய்வேலித் தொகுதியில் நகரியத்தோடு பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரிக் கிராமங்கள் சேர்க்கப்பட்டன. ஆனால் சுரங்கத்தால் நிலம் இழக்கும் கிராமங்களில் பல வேறு தொகுதிகளில் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள வடலூர் குறிஞ்சிப்பாடித் தொகுதி. 2023 ஜூலையில் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக விளைந்த நெற்பயிரில் மண்வெட்டி இயந்திரம் இறங்கிய வளையமாதேவி புவனகிரித் தொகுதி. சட்டமன்றத்தோடு போகட்டும் என்றால் மக்களவையிலும் இதே பிளவுதான். நெய்வேலியும் குறிஞ்சிப்பாடியும் கடலூர் மக்களவைத் தொகுதிக்குள். புவனகிரி சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள்.

இதன் நடைமுறை விளைவு என்ன? குவார்ட்டர்ஸில் இருப்பவரின் கோரிக்கை சம்பளம், பதவி உயர்வு, ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம். கிராமத்தில் இருப்பவரின் கோரிக்கை நிலத்துக்கு நியாயமான விலை, வீட்டுக்கு ஒரு வேலை, வற்றிப்போன கிணற்றுக்குத் தண்ணீர். இரண்டும் ஒரே நிறுவனத்தின் வாசலில் நிற்கும் கோரிக்கைகள். ஆனால் ஒரே பிரதிநிதியிடம் இரண்டு தரப்பும் போய் நிற்க முடியாது. வளையமாதேவி விவகாரத்தில் அன்று களத்தில் இறங்கிய எம்.எல்.ஏ., புவனகிரியின் ஆ. அருண்மொழிதேவன். போராட்டமும் கைதும் வன்முறையும் நடந்த இடமோ நெய்வேலி. ஒரு எம்.பி.க்கு இது முழுப் பிரச்சினை அல்ல, பாதிப் பிரச்சினை என்றால் அவர் பாதி வேகத்தில்தான் பேசுவார். இதற்கு யாரையும் தனியாகக் குறை சொல்வதில் பயனில்லை. கோடு அப்படி.

இன்னொன்றும் உண்டு. நெய்வேலி நகரியத்துக்கு நகராட்சி இல்லை. தெருவிளக்கு, தண்ணீர், சாலை எல்லாம் நிறுவனத்தின் நகர நிர்வாகம். மற்ற ஊர்க்காரர் கவுன்சிலரிடம் போவார், சேர்மனிடம் போவார். நகரியத்துக்காரருக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் என்று இருப்பது எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் மட்டுமே. ஆகவே அவருக்குச் சட்டமன்றத் தொகுதியின் எல்லை மற்றவர்களைவிட முக்கியம்.

தேயும் நகரியம்

மறுவரையறை மக்கள்தொகையை வைத்து நடக்கிறது. 2008 இல் நடைமுறைக்கு வந்த எல்லைகளுக்கு அடிப்படை 2001 கணக்கெடுப்பு. அந்த ஆண்டு தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். 234 ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். அப்போது நெய்வேலி நகரியத்தில் மட்டும் 1,28,133 பேர் இருந்தார்கள். அதாவது ஒரு தொகுதியின் கிட்டத்தட்ட பாதி. தனித் தொகுதி கேட்கத் தகுந்த எண்ணிக்கைதான்.

பத்தே ஆண்டில் கதை மாறியது. 2011 கணக்கெடுப்பில் நகரியத்தின் மக்கள்தொகை 1,05,731. மாவட்டம் மூன்று லட்சத்துக்கு மேல் பெருகியபோது நகரியம் இருபத்திரண்டாயிரம் பேரை இழந்தது. தமிழ்நாட்டின் சராசரித் தொகுதி 3 லட்சத்து 8 ஆயிரமாக உயர்ந்துவிட்டதால், பாதியாக இருந்த நகரியம் மூன்றில் ஒரு பங்கு ஆனது.

காரணம் தேடி அலைய வேண்டாம். நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவர் இடத்துக்கு அதே அளவில் நிரந்தரப் பணியாளர் வருவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் வந்தால் அவருக்குக் குவார்ட்டர்ஸ் எளிதில் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்றவர் சொந்த ஊருக்குப் போகிறார், அல்லது இந்திரா நகர், வடலூர் என்று சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கி வீடு கட்டுகிறார். சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் சில இடங்களில் அந்தத் தூரத்துக்குள் தொகுதி மாறிவிடுகிறது.

2027 கணக்கெடுப்பு நகரியத்தை எந்த எண்ணில் காட்டும் என்று நாம் ஆருடம் சொல்லப்போவதில்லை. போக்கு எந்தத் திசையில் என்பது தெளிவு. நகரியத்தின் பங்கு இன்னும் குறைந்தால், தொகுதியின் பெயர் நெய்வேலியாக இருந்தாலும் மையம் வேறு எங்காவது நகரும். பெயரே போனாலும் ஆச்சரியமில்லை. நெல்லிக்குப்பமும் ஒரு காலத்தில் போகாது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

2021 தேர்தலில் நெய்வேலியில் வெற்றி வித்தியாசம் 977 ஓட்டு. ஒரு வாக்குச்சாவடியின் வாக்காளர் எண்ணிக்கையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஆணையம் தன் வரைபடத்தில் ஒரே ஒரு கிராமத்தை இந்தப் பக்கம் தள்ளினால் அல்லது அந்தப் பக்கம் இழுத்தால் முடிவே மாறும் தொகுதி இது.

நம் ஊர்கள் எந்தக் கோட்டுக்குள்?

இந்தக் கண்ணாடியோடு மாவட்டத்தின் மற்ற ஊர்களைப் பார்ப்போம். லால்பேட்டை காட்டுமன்னார்கோயில் தனித் தொகுதிக்குள் இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலும் பரங்கிப்பேட்டையும் சேர்ந்திருப்பது சிதம்பரம் மக்களவைத் தொகுதி. அதுவும் தனித் தொகுதி. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. ஆகவே லால்பேட்டையில் பிறந்த ஒரு முஸ்லிம் தன் ஊருக்கு எம்.எல்.ஏ. ஆகவோ எம்.பி. ஆகவோ போட்டியிட முடியாது. பரங்கிப்பேட்டைக்காரர் சட்டமன்றத்துக்கு நிற்கலாம், மக்களவைக்கு முடியாது. 2021 இல் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் சிதம்பரம் சட்டமன்றத் தொகுதியில் நின்றது, வெல்லவில்லை.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் தொகுதிகள் பல தனித் தொகுதிகளாக்கப்படுவதை 2006 இல் சச்சார் குழு உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கத்தின் விவரங்களோடு எடுத்துக்காட்டியது. மறுவரையறை முறையை இன்னும் அறிவுக்குகந்ததாகச் செய்யும்படி பரிந்துரைத்தது. இங்கே நாம் கவனமாகப் பேச வேண்டும். தலித் மக்களுக்கான தனித் தொகுதி அவர்கள் போராடிப் பெற்ற உரிமை. கடலூர் மாவட்டத்தில் அவர்கள் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அங்கே தனித் தொகுதி இருப்பதில் தவறே இல்லை. 'எங்கள் தொகுதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்று பேசுவது பொய்யும் அநியாயமும் ஆகும். இரண்டு ஒடுக்கப்பட்ட சமுதாயங்களை மோதவிடத்தான் அந்தப் பேச்சு உதவும்.

போட்டியிட முடியாத இடத்தில் செல்வாக்கே இல்லை என்பதும் உண்மையல்ல. 2016 இல் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். 2019 இல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அவர் வென்றது 3,219 ஓட்டில். இப்படிப்பட்ட தொகுதியில் லால்பேட்டையும் பரங்கிப்பேட்டையும் ஒட்டுமொத்தமாக எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை எந்தக் கட்சியும் அலட்சியப்படுத்த முடியாது. வேட்பாளரைத் தர முடியாவிட்டாலும் முடிவைத் தர முடியும். நம் பார்வையில், நூறு ஊர்களுக்குள் கரைந்துபோன ஒரு பொதுத் தொகுதியைவிட இது பலமான நிலை. கோட்டை வரையும்போது இந்த ஊர்கள் இரண்டாக வெட்டப்படாமல் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அரசியல் நிர்ணய சபையில் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று வாதாடியவர்களில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் ஒருவர். 1949 இல் அந்த வாதம் முடிவாக நிராகரிக்கப்பட்டு, சிறுபான்மை மதத்தினருக்கான இடஒதுக்கீடும் கைவிடப்பட்டது. அதன்பின் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அந்தத் தலைவர் 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்குப் போனது கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து. தமிழ்நாட்டில் நாம் பரவி வாழ்கிறோம். 2011 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் சுமார் 5.9 சதவீதம். மலப்புறம் மாவட்டம் போலத் திரண்டு இல்லை. பரவி வாழ்பவர்களுக்குக் கோடு ஒரு கிலோமீட்டர் தள்ளினாலும் வலிக்கும்.

வேறொரு நுணுக்கம், நம் வீடுகளில் யாரும் பேசாதது. தொகுதி அளவுக்கு எடுத்துக்கொள்வது மக்கள்தொகையை. அதில் கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் வெளிநாட்டில் இருப்பவர் சேரமாட்டார். துபாயிலும் தம்மாமிலும் குவைத்திலும் மகன்கள் இருக்கும் வீட்டில் ஆறு பேருக்குப் பதில் மூன்று பேர் எண்ணப்படுவார்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்கள் காகிதத்தில் உண்மையைவிடச் சிறியதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். வெளிநாட்டு இந்தியர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்ற உரிமை 2011 முதல் இருக்கிறது. ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்வதால் மக்கள்தொகைக் கணக்கு மாறாது.

கோடு போட்டபின் கேட்க முடியாது

பிரிட்டனில் இதே வேலை வேறு மாதிரி நடக்கிறது. அங்கே தொகுதிக்கு அளவுகோல் மக்கள்தொகை அல்ல, பதிவான வாக்காளர்கள். 2023 இல் முடிந்த சீராய்வில் ஒரு தொகுதிக்கு 69,724 முதல் 77,062 வாக்காளர்கள் என்று வரம்பு கட்டினார்கள். ஐந்தே தொகுதிகளுக்கு, அவையும் தீவுகள், விலக்கு. இங்கிலாந்துக்கான முதல் வரைவு 2021 ஜூனிலும் திருத்திய வரைவு 2022 நவம்பரிலும் இறுதி அறிக்கை 2023 ஜூனிலும் வந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் பொதுமக்கள் வரைபடத்தைப் பார்த்துத் தெரு பெயரோடு ஆட்சேபம் எழுதினார்கள். வங்கதேச முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் அண்ட் போ தொகுதிகூட இந்தச் சீராய்வில் எல்லை மாறி, 2024 தேர்தலில் பெத்னல் கிரீன் அண்ட் ஸ்டெப்னி ஆனது.

நம் நாட்டிலும் வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் கட்டம் உண்டு. 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையம் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும், ஒரு தேதி குறிக்க வேண்டும், அதற்குள் வந்த ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும், பொது அமர்வு நடத்த வேண்டும். நிலப்பரப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்து வசதியையும் மக்கள் வசதியையும் பார்க்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. தனித் தொகுதிகளைப் பட்டியல் சாதி மக்கள் விகிதம் அதிகம் உள்ள இடங்களில், மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக வைக்கச் சொல்கிறது. ஆனால் இறுதி ஆணை வெளியானால் அது சட்டம். அரசியலமைப்பின் 329 ஆம் பிரிவு நீதிமன்றக் கதவை ஏறத்தாழ மூடிவிடுகிறது. 2024 இல் உச்ச நீதிமன்றம், வெளிப்படையான தன்னிச்சையோ அரசியலமைப்பு மீறலோ இருந்தால் பார்க்கலாம் என்று ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. ஜன்னலை நம்பி வாசலைத் தவறவிட முடியாது.

அஸ்ஸாமில் 2023 இல் நடந்ததைப் பார்த்தோம். ஜூன் 20 இல் வரைவு, ஆகஸ்ட் 11 இல் இறுதி ஆணை. இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. முஸ்லிம் வாக்குகளின் பலம் குறைக்கப்பட்டுவிட்டது என்று அங்கே எழுந்த குரல்கள் இன்றுவரை எழுந்துகொண்டே இருக்கின்றன; வரைபடம் மாறவில்லை.

அடுத்த மறுவரையறைக்குப் புதிய சட்டம், புதிய ஆணையம் வரும். அதோடு 2023 இல் நிறைவேறிய 106 ஆவது திருத்தப்படி மூன்றில் ஒரு பங்கு தொகுதிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். 234 இல் 78. எந்த 78 என்பதும் மறுவரையறையோடு சேர்ந்து வரும் முடிவு. நம் வீட்டுப் பெண்களில் படித்தவர்கள், வார்டு உறுப்பினராக ஏற்கெனவே அனுபவம் பெற்றவர்கள் எத்தனை பேர் அன்று தயாராக இருப்பார்கள் என்று ஒவ்வொரு ஊர் ஜமாஅத்தும் இப்போதே பார்த்துவைப்பது நல்லது.

பழைய நடைமுறை தொடர்ந்தால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. எனப் பத்து பேர் ஆணையத்தின் துணை உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் மக்களவை, சட்டமன்ற சபாநாயகர்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது, பேசலாம், அவ்வளவுதான். 39 எம்.பி.க்களில் ஐந்து, 234 எம்.எல்.ஏ.க்களில் ஐந்து என்றால் கடலூர் மாவட்டத்திலிருந்து ஒருவர்கூட அந்த மேசையில் இல்லாமல் போகலாம். அப்படியானால் நகரியத்தையும் சுரங்கக் கிராமங்களையும் ஒரே மக்களவைத் தொகுதியில் வைக்க வேண்டும் என்பதும், லால்பேட்டையையும் பரங்கிப்பேட்டையையும் நெல்லிக்குப்பத்தையும் துண்டாக்கக் கூடாது என்பதும் ஆணையத்தின் காதுக்குப் போக இருக்கும் ஒரே வழி, குறித்த தேதிக்குள் வார்டு எண்ணும் மக்கள்தொகையும் போட்டு எழுதிய மனுதான். அந்த எண்களைத் திரட்ட நெய்வேலியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தொழிற்சங்கங்கள், ஊர் நலச் சங்கங்கள், ஜமாஅத்துகள் ஒன்றாக உட்கார வேண்டியிருக்கும். கிராமத்து விவசாயியும் குவார்ட்டர்ஸ் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட முடிந்தால் அதன் எடை வேறு.